கமெண்டில் வராத திருத்தம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கார்த்திகை மாதம். சிவகாசியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு அச்சகம் இருக்கிறது. தினசரி காலண்டர்தான் முக்கியத் தொழில். மாமனார் காலத்திலிருந்து தெரிந்த கடைகள் மட்டும்தான் ஆர்டர் தரும். வெளியூரிலும் நம் பேர் தெரியட்டும் என்று நான்தான் இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன்.

முதலில் என் கணவர் சிரித்தார். மெஷின் ஓடுவதையும் தாள் அடுக்குவதையும் படம் பிடித்துப் போடப் போட, லைக் குவிந்தது. மதுரையில் ஒரு ஜவுளிக்கடை அதைப் பார்த்தே எங்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்தது. அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தத் திமிரில் ஒரு வேலை செய்தேன். பக்கத்துத் தெரு அச்சகத்தின் காலண்டரை எங்களுடையதற்கு அருகில் வைத்து, 'மங்கலான அச்சைப் பார்த்து ஏமாறாதீங்க' என்று ஒரு ரீல்ஸ் போட்டேன். பெயரை மட்டும் கட்டைவிரலால் மறைத்திருந்தேன். அட்டையைப் பார்த்தாலே அது யாருடையது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதுவரை நான் போட்டதிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள்.

மதுரை லோடு கிளம்புவதற்கு முந்தின நாள் காலை. தயாரான காலண்டரின் தேதிச் சீட்டுகளை விரலால் சர்ரென்று தள்ளி, தை அமாவாசைச் சீட்டில் கொஞ்சம் நிறுத்தி, ஒரு வீடியோ போட்டேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது. அந்தப் பக்கத்துத் தெரு அச்சகக்காரர்! சண்டைக்குத்தான் கூப்பிடுகிறார் என்று பதிலைத் தயார் பண்ணிக்கொண்டே எடுத்தேன்.

"தங்கச்சி, மொதல்ல அந்த வீடியோவ எடுத்துருங்க. தை அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருக்கு. பஞ்சாங்கத்தப் பாருங்க."

வீடியோவை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அச்சுக்குப் போகும் முன் சீட்டுகளைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்ப்பது என் பொறுப்பு. அதைச் செய்ய வேண்டிய நாளில் நான் அந்தக் கேலி ரீல்ஸுக்குப் பாட்டு தேடிக்கொண்டிருந்தேன். இந்தக் காலண்டரை நம்பி எத்தனை வீடுகளில் தப்பான நாளில் விரதம் இருந்திருப்பார்கள்! அட்டையில் இருப்பதோ ஜவுளிக்கடையின் பேர். அதற்குப் பிறகு எங்களை யார் நம்புவார்கள்?

எல்லாக் காலண்டர் கட்டையும் பிரித்து, அமாவாசை நாளுக்கும் அடுத்த நாளுக்குமான இரண்டு சீட்டுகளைப் புதிதாக அச்சடித்து மாற்றியாக வேண்டும். எங்களிடம் அவ்வளவு ஆள் இல்லை. நாங்கள் கேட்காமலே, தன்னுடைய சீசன் வேலையை விட்டுவிட்டு, மூன்று பெண்களை அனுப்பியிருந்தார் அவர். "என்னக்கா, முழிச்சிக்கிட்டு நிக்கீக? சீட்டக் குடுங்க" என்று ஒருத்தி உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

மறுநாள் லோடு போனதும் அவர் அச்சகத்துக்குப் போனேன். தப்பை வீடியோவுக்குக் கீழேயே எழுதியிருக்கலாமே, ஏன் போன் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"கமெண்ட்ல போட்டா ஊரே பாத்துரும். அதான் போன் அடிச்சேன்" என்றார். "உங்க வீடியோ எல்லாத்தையும் பாக்கேன் தங்கச்சி. நல்லாத்தான் எடுக்கீக."

அந்த 'எல்லாத்தையும்' என்னைச் சுட்டது. அங்கேயே நின்று அந்தக் கேலி ரீல்ஸை அழித்தேன். அவருக்கு நன்றி சொல்லி ஒரு வீடியோ போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். எதுக்கு நன்றின்னு கேப்பாகல்ல?" என்று சிரித்துவிட்டு மெஷின் பக்கம் போய்விட்டார்.

எங்கள் பக்கத்தை இன்றும் நான்தான் நடத்துகிறேன். ஆனால் அடுத்தவர் வேலையில் ஒரு தப்பு கண்ணில் பட்டால், கமெண்ட் போடுவதற்கு முன் என் விரல் அவர்களுடைய போன் நம்பரைத்தான் தேடுகிறது.