ரோஸும் பச்சையுமாக ஒரு கூடை

பஸ்ஸில் யாராவது ஒயர் கூடையோடு ஏறினால், இப்போதும் என் கண் முதலில் அதன் அடிப்பாகத்துக்குத்தான் போகும். தரையில் உரசி ஒயர் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன்.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, விழுப்புரத்தில் எங்களோடுதான் இருந்தார். திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு அத்தையை மட்டும் அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த அத்தை மகள் என்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்பது மட்டும் தெரியும். தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் அத்தை ஒயர் கூடை பின்னிக் கொடுப்பார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போகிற சின்னக் கூடை ஒன்றை ஆரம்பித்தார். என்ன கலர் போடலாம் என்று என்னைத்தான் கேட்டார். ரோஸும் பச்சையும் என்றேன். நான் சொன்ன பச்சைக்காகக் கடை கடையாக அலைந்தார். தடித்த ஒயர் கையைக் கிழிக்கும், ஆனால் வருஷக் கணக்கில் உழைக்கும். அதையே வாங்கி, வெயிலில் போட்டு இளக்கி, முடிச்சு முடிச்சாக இறுக்கினார். விரலெல்லாம் கோடு கோடாகச் சிவந்துபோனது. பச்சை நடுவே ரோஸ் பூ எழும்பியது.

கைப்பிடி போடும்போது என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அளவு பார்த்தார்.

"கையத் தொங்கவுடு. குதிகாலத் தூக்காதடி."

"ஜாக்கெட்டு தைக்கிறவகூட இத்தினி தபா அளவு எடுக்கமாட்டா" என்று அம்மா கேலி செய்தார்.

"தரையில இடிக்கக் கூடாது அண்ணி."

கூடை எனக்குத்தான் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அப்பா அதில் அதிரசமும் முறுக்கும் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறியபோதுதான் அது யாருக்கு என்று தெரிந்தது. வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனேன்.

அந்த வீட்டில் மாமாவின் அக்கா வாசலிலேயே நிறுத்திப் பேசினார். கூடை ஏது என்றார். பொய் பேசினால் பாவம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த அப்பா, கடையில் வாங்கியது என்றார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

அத்தை மகள் வந்து வாங்கிக்கொண்டாள். ரோஸ் பூவை விரலால் தடவினாள். ஒரு கையில் தூக்கி நடந்தபோது கூடையின் அடி சிமெண்டுத் தரையில் கரகரவென்று உரசியது. உடனே இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீடு திரும்பியதும் அத்தை அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டார்.

"கூடை அவளுக்குப் புடிச்சுதா?"

"புடிச்சுது."

"தரையில இடிச்சுதா?"

"இடிச்சுது அத்தை. அவ என் தோளு வரைக்கும்தான் இருக்கறா."

பெருமையாகத்தான் சொன்னேன். கூடை கைவிட்டுப் போனாலும் உயரத்தில் ஜெயித்துவிட்டேனே. அத்தை என் தோளுக்கு நேராகக் கையை நீட்டி, அங்கே ஒரு தலை இருப்பதுபோல் வெறும் காற்றில் வைத்துப் பார்த்தார்.

"இம்மாந்தானா?"

ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது அத்தையின் முறை வந்தது. 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை அம்மா சொல்லி முடித்தார். அளவு தப்பிய வருத்தம் என்று நினைத்து, அத்தையின் காதோரம் போய் ஆறுதல் சொன்னேன்.

"அடுத்த தபா கைப்பிடியச் சின்னதாப் போடுங்க அத்தை. சரியாப் பூடும்."

அத்தை தலையை ஆட்டினார். எனக்கு மூத்தவள் ஏன் என் தோளுக்கு நின்றாள், அந்தக் கூடையில் அவளுக்குத் தினமும் யாராவது சோறு வைத்து அனுப்புவார்களா என்றெல்லாம் கேட்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.