கோயில் பாலில் கரைத்த மாத்திரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். கோயில் பாலைக் குறை சொல்கிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்ற பயம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். தெரிந்தபடி எழுதுகிறேன்.

செந்தூலில் நானும் என் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. அவளுக்குப் பார்க்கின்சன் நோய். நடுக்கத்தைவிட இறுக்கம்தான் கொடுமை. உடம்பு மரம்போல் நின்றுவிடும், முகமும் அப்படியே. எனக்குக் கிள்ளானில் மத்தியான ஷிஃப்ட், அதனால் காலையில் அவளோடுதான் இருப்பேன். "நேத்து அங்க நல்ல மழை" என்பேன். கேட்டாளா, கோபமா, ஒன்றும் தெரியாது. வீட்டில் இரண்டு பேர் இருந்தும் நான் ஒருவன்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மாத்திரை உடம்புக்குச் சூடு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். தினமும் விடிந்ததும் கோயிலுக்குப் போய் அபிஷேகப் பால் வாங்கிவந்து, அதில் மாத்திரையைக் கரைத்து ஊட்டுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் அவளுக்கு விரதம். விளக்கு வைக்கும்வரை தண்ணீர்தான். அன்றைக்கு அவளே எழுந்து நிற்பாள், நாலு வார்த்தை பேசுவாள். விரதத்தின் பலன் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

அப்போது நான் வேலை செய்த ஸ்டோரில் சரக்குக் கணக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அங்கே கிளார்க்காக இருந்த பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். டீ நேரத்தில், மாத்திரை கொடுத்த நேரத்தையும் எத்தனை நிமிஷத்தில் என் மனைவியின் இறுகிய கை விரிந்தது என்பதையும் அதில் போட்டுவந்தேன். டாக்டரிடம் காட்டி மருந்தைக் கூட்டச் சொல்லலாம் என்று எண்ணம்.

"என்ன அங்கிள், ஆன்டிக்கு ரிப்போர்ட் கார்டா?" என்று சிரித்தாள் அந்தப் பெண். ஏதோ அழுத்தி, நிமிஷம் குறைவான நாளெல்லாம் மேலே வரும்படி அடுக்கினாள். அத்தனையும் வெள்ளிக்கிழமை! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"பாத்தியாம்மா, முருகன் வேலைய!"

"சரி அங்கிள், வெள்ளிக்கிழமை மாத்திரைய எதுல குடுப்பீங்க?"

"தண்ணில."

"மத்த நாள்ல?"

"கோயில் பால்ல."

"அதையும் பக்கத்துல போடுங்க லா."

போட்டேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, விரதமில்லாத நாள், தண்ணீரில் கொடுத்துப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைபோலவே முக்கால் மணி நேரத்தில் கை விரிந்தது. அந்தக் கணக்கைத் தாளில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். "மருந்து நல்லாத்தான் வேலை செய்யுது. பால்ல இருக்கிற புரோட்டீனும் இந்த மருந்தும் ஒரே வழியாத்தான் உள்ள போகணும். பால் முந்திக்குது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி தண்ணில குடுங்க" என்றார்.

சில நாளில் அவள் மற்ற நாள் காலையிலும் பேசத் தொடங்கினாள். ஒருநாள், "அந்தப் பால் குமட்டும்ங்க" என்றாள்.

"வெள்ளிக்கிழமையாவது சொல்லியிருக்கலாமே?"

"சாமி பால்னு ஊட்டுனீங்க. என்னத்தச் சொல்றது?"

அவள் போய்ச் சில வருஷமாகிறது. கடைசிக் காலத்தில் காலைகளில் நிறையப் பேசினோம். அதற்கு முன் பால் ஊட்டிய இரண்டு வருஷக் காலைகளை யாரிடம் போய்க் கேட்பேன்? ஆண்டவன்மேல் எனக்குக் குறையில்லை. அந்தப் பாலை இன்றும் வாங்கிவந்து தனியாகக் குடிக்கிறேன்.

வீட்டில் இப்படி நோயாளி வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும். அற்புதம் எதையும் சேர்க்க வேண்டாம். எனக்காக இரக்கப்பட்டு எதையும் விடவும் வேண்டாம். ஒருநாள்கூட அவளைக் கேட்காமல் ஊட்டினேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.