வழக்குக்கு ஒரு ரியூசன்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மாவும் அப்பாவும் விவாகரத்து வழக்கில் நின்றார்கள். மற்றதெல்லாம் பேசி முடிந்து, நான் யாரோடு வளர்வது என்பதுதான் மிச்சமிருந்த சண்டை. குடும்ப ஆலோசகர் பிள்ளையைத் தனியாகச் சந்தித்துச் சில கேள்விகள் கேட்பார் என்று நீதிமன்றத்தில் இருந்து கடிதம் வந்தது. வேறு ஊர்களில் இப்படிக் கடிதம் வந்தால் என்ன செய்வார்களோ தெரியாது. எங்கள் ஊரில் கேள்வி என்று ஒன்று இருந்தால் அதைப் படிப்பிக்க ரியூசன் வைப்போம்.

நான் சண்டிலிப்பாயில் அம்மாவோடு இருந்தேன். அம்மாவின் தங்கை, அதாவது என் சின்னம்மா, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்பு நடத்தினார். வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் மறித்துவைத்தார். என்னென்ன கேட்பார்கள் என்று ஊகித்து ஒரு கொப்பியில் பன்னிரண்டு கேள்வி எழுதினார். விடைகளையும் அவரே எழுதினார். ஆரோடை இருக்க விருப்பம் என்ற முதற்கேள்விக்கு விடை, "அம்மாவோடை. ஏனெண்டால் அம்மாதான் எனக்குப் பாடம் சொல்லித் தாறவ." எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது, தெரிந்ததைச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்பது அவருடைய கட்டளை.

சனிக்கிழமைகளில் வட்டுக்கோட்டைக்கு அப்பாவிடம் போவேன். அங்கே இருந்த பெரியப்பா இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். மெச்சுவார் என்று நினைத்து, பன்னிரண்டு விடைகளையும் அவருக்கு மடமடவென்று ஒப்புவித்தேன். அவர் கோபப்படவில்லை.

"கேள்வியள் திறம். விடையள்தான் பிழை," என்றார்.

புதுக்கொப்பி ஒன்று வந்தது. அதே கேள்விகள், வேறு விடைகள். "அப்பாவோடை. ஏனெண்டால் அப்பா என்னை ஏசுறேல்லை." அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சண்டிலிப்பாயில் அம்மாவும் அப்படித்தான். இருவரும் ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபமில்லை, உற்சாகம்தான். முழுப்புள்ளி எடுத்தால் வழக்கு முடியும், வழக்கு முடிந்தால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது என் கணக்கு. இரண்டு கொப்பியையும் வரி பிசகாமல் பாடமாக்கினேன்.

ஆலோசகர் அம்மாவின் வயதுள்ள பெண். நிலத்தில் பாய் விரித்து, நிறப்பென்சில்களைக் கொட்டிவைத்துக்கொண்டு இருந்தார். பரீட்சைக்கு மேசை இல்லையே என்று எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அவரோ என் பள்ளிக்கூடம், எங்கள் வீட்டு நாய், எனக்குப் பிடித்த கறி என்று கதைத்துக்கொண்டே போனார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ரீச்சர், கேள்வி கேக்கேல்லையோ?"

"எந்தக் கேள்வி பிள்ளை?"

"ஆரோடை இருக்க விருப்பம் எண்டு."

அவர் கேட்காமலே நான் தொடங்கினேன். இது சின்னம்மா தந்த விடை, இது பெரியப்பா தந்த விடை என்று பன்னிரண்டுக்கும் இரண்டிரண்டாகச் சொல்லி முடித்தேன். "ரெண்டும் பாடம். எது சரியோ அதுக்குப் புள்ளியைப் போடுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைக்கு வயித்துக்குத்து வந்தால் முதல்லை ஆரிட்டைச் சொல்லுவீங்கள்?" என்று கேட்டார்.

பன்னிரண்டில் இது இல்லை. வெறுமையாக விடவும் கூடாது. வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன்.

"ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன். அம்மாவிட்டைச் சொன்னால், அப்பா வீட்டிலை என்னத்தைத் திண்டனி எண்டு கேட்டு லோயருக்குச் சொல்லுவா. அப்பாவிட்டைச் சொன்னால், அம்மா கவனிக்கிறேல்லை எண்டு அவரும் சொல்லுவார். பேசாமல் படுத்திருப்பன். தன்பாட்டிலை மாறிடும்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். புள்ளி விழவில்லை என்பது எனக்கு விளங்கிவிட்டது. இதை அம்மா அப்பாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். தலையாட்டினேன்.

என்னை வெளியே கிடந்த நீட்டு வாங்கில் இருத்திவிட்டு அவர்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். முதலில் அம்மாவின் குரல் உரத்துக் கேட்டது. பிறகு ஆலோசகரின் குரல் மட்டும் கேட்டது. வெளியே வந்தபோது அம்மா முகத்தை முந்தானையால் மூடியிருந்தார். அப்பா எனக்கு முன்னால் குந்திக்கொண்டார்.

"வயித்துக்குத்தெண்டால் சொல்லோணும் பிள்ளை," என்றவர், அம்மாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆரிட்டை எண்டாலும் சொல்லோணும்," என்றார்.

"அது படிக்காத கேள்வி அப்பா. அடுத்தமுறை சரியாச் சொல்லுவன்," என்றேன். அப்பா அழுததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

அவர்கள் மீண்டும் சேரவில்லை. நான் அம்மாவோடு வளர்ந்தேன். சனி ஞாயிறும் விடுமுறையும் அப்பாவோடு. ஆனால் அதன்பிறகு ஏழெட்டு மாதம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவர்கள் இருவரும் சேர்ந்து அந்த ஆலோசகரிடம் போக வேண்டியிருந்தது. நானும் போவேன். ஆனால் அதிக நேரம் உள்ளே இருந்தவர்கள் அவர்கள்தான். நான் ஒரு கேள்வியைப் பிழைவிட்டதற்கு இவர்களை மறித்துவைத்துப் படிப்பிக்கிறார்களே என்று எனக்கு ஒரே வெட்கம். வெளியே வாங்கில் இருந்து, வயிற்றுக்குத்துக்குச் சரியான விடை என்னவாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசித்துக்கொண்டிருந்தேன்.