பேனர் இறக்குகிற கண்ணாயிரம்

அம்சவள்ளி பின்பக்கக் குழாயடியில் குந்திக்கொண்டு ஒரு கல்யாண பேனரைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மக்காச்சோளம் காயப்போட வேண்டும். போன மழையில் சேறடித்து மாப்பிள்ளைக்குக் கழுத்துக்குக் கீழே ஒரே மண். பெண்ணின் கன்னத்தில் முட்டியை ஊன்றிக்கொண்டு அவள் தேய்த்தாள். அந்த வீட்டில் அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மாட்டுக்கொட்டகைக்கு மேற்குப் பக்கத் தடுப்பு ஒரு காதணி விழா. வைக்கோல் போரின்மேல் ஒரு நகைக்கடைத் திறப்பு. விறகை மூடியிருந்தது யாரோ ஒருவருடைய பதினாறாம் நாள்.

எல்லாம் அவள் வீட்டுக்காரர் கண்ணாயிரம் கொண்டுவந்தவை. கள்ளக்குறிச்சி நகராட்சியில், அனுமதி இல்லாமல் ரோட்டோரம் கட்டுகிற பேனர்களை இறக்குவது அவர் வேலை. சேர்ந்தபோது தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவராகத்தான் சேர்ந்தார். பேனர் விழுந்து ஆள் சாகிற சேதியெல்லாம் வந்து, கோர்ட்டும் கண்டித்த பிறகு, நகரமைப்பு ஆய்வாளர் அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீதான்யா வளத்தியா இருக்கற. ஏணி பாதி போதும்."

முதல் வருஷம் கண்ணாயிரம் முகங்களைப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் இருந்தது. கோமுகி அணையில் குளிக்கப் போன பள்ளிக்கூடப் பையன். ஏணி ஏறியவரைப் பையனுடைய அம்மா பார்த்துவிட்டாள். கத்தவில்லை. ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போவட்டும்ங்க" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. கண்ணாயிரம் இறங்கி வந்து ஆய்வாளரிடம் சொன்னார்.

ஆய்வாளர் கெட்ட மனுஷர் இல்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "உனக்கு மூஞ்சி இன்னாத்துக்குய்யா? கீழ மூலையப் பாரு. அனுமதி நம்பரு, தேதி, அச்சடிச்சவன் பேரு. இருந்தா வுடு. இல்லன்னா எறக்கு. அதுக்கு மேல பாத்தா உன்னால சோறு துன்ன முடியாது."

கண்ணாயிரம் மறுபடி ஏறி அந்தப் பையனை இறக்கினார். அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த நாளிலிருந்து மூலையை மட்டும் பார்த்தார், சோறு இறங்கியது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. பிறந்தநாள், பூப்பு நீராட்டு, கோயில் திருவிழா, சாவு எல்லாம் அவருக்கு ஒரே மூலைதான். யாராவது பெட்டிக்கடையில், "நேத்து யாரு பேனரு எறக்கினீங்க?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கூட வேலை செய்கிற சின்னதுரை வேறு மாதிரி. இடுப்புக் கத்தியை எடுத்து மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு. பேனர் இரண்டாகத் தொங்கும். மறுபடி யாரும் கட்ட முடியாது. வேலை முடிந்தது. கண்ணாயிரத்துக்கு அது ஆகாது. கிழித்தால் எதற்கும் உதவாது என்று முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கீழே விரித்து, பாயைப்போல் சுருட்டுவார். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்குகிற மாயவனும் சாமை அடிக்கிற களத்தில் விரிக்க அவரிடம்தான் வந்து பேனர் கேட்பார்.

"பேரு கண்ணாயிரம். ஊரையே குடுத்தாலும் மாமாவுக்கு ஒரு மூல போதும்" என்று சின்னதுரை கிண்டல் செய்வான்.

"உனக்கு வேல சீக்கிரம் முடியணும். எனக்குச் சோளம் காயணும்" என்பார் இவர்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த அந்த மார்கழியில் வேலை ஜாஸ்தி. காலையில் இறக்கினால் சாயந்தரம் கட்டியிருப்பார்கள். சங்கராபுரம் ரோட்டு முக்கில் ஒன்று பெரிதாக நின்றது. மேலே மறியலுக்கு அழைப்பு. கீழே சீட்டுக்கட்டைப் பரப்பிய மாதிரி வரிசை வரிசையாகச் சின்ன முகங்கள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பெயர்.

"இதக் கிழிக்காம எறக்குங்க. ஸ்டேஷன்ல கேக்கறாங்க" என்றார் ஆய்வாளர்.

"அப்ப மாமா வேலதான்" என்று சின்னதுரை கத்தியை உறையில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

கண்ணாயிரம் கீழ் மூலையைப் பார்த்தார். நம்பர் இல்லை, தேதி இல்லை, அச்சடித்தவர் பெயர் இல்லை. முடிச்சுகளை அவிழ்த்து, தூசி தட்டி, சுருட்டி, அதே கயிற்றால் கட்டினார். மொபெட்டில் குறுக்கே வைத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். அன்று கத்தரிக்காய் காரக்குழம்பு.

அதெல்லாம் நடந்து மறுவருஷம் ஆகிவிட்டது. இதற்கிடையில் அவர்கள் மகன் சரத்குமார் போலீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினான். ஓடி, கயிறு ஏறி அதிலும் தேறினான். மிச்சம் இருந்தது ஒன்றுதான். இவன்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று உள்ளூர் ஸ்டேஷனில் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். அதற்குத்தான் காலையில் கூப்பிட்டிருந்தார்கள்.

அம்சவள்ளி பேனரைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் வந்தான். செருப்போடு உள்ளே போனான். அவள் ஈரக் கையோடு பின்னாலேயே போனாள். கண்ணாயிரம் நடுஅறையில், விசிறிக்குக் கீழே, பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

"மறியல் கேசுல என் பேரு இருக்குது" என்றான் சரத்குமார்.

"நீ எங்கடா போன மறியலுக்கு?"

"போவலமா. அன்னிக்கு கிரவுண்டுல ஓடிக்கினு இருந்தேன். பேனர்ல என் போட்டோ. அடியில பேரு வடக்கனந்தல் சரத்குமாரு. பேனர்ல இருக்கற மூஞ்சியெல்லாம் வச்சுத்தான் கேசு போட்டிருக்காங்க."

அவன் பிறந்த சமயத்தில் தெருவுக்குத் தெரு ஒரு சரத்குமார் பிறந்தான். அவன் வகுப்பிலேயே மூன்று பேர். மறியலுக்கு ஆள் சேர்த்த வடக்கனந்தல் சரத்குமார் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் போட்டோ அனுப்பாமல் விட்டிருக்கிறான். அச்சடிக்கிற கடையில், கம்ப்யூட்டரில் அந்தப் பெயரில் என்ன படம் கிடந்ததோ அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

"ஆடி மாசம் கூழ் ஊத்தற பேனருக்கு கண்ணாடி மாட்டிக்கினு ஒரு போட்டோ குடுத்தியே, அதுவா?" என்றாள் அம்சவள்ளி.

"அதேதான்."

"நானு அப்பவே சொன்னேன், அந்தக் கண்ணாடி வாணான்னு." சொன்ன பிறகுதான் அது இப்போது பேசுகிற பேச்சில்லை என்று அவளுக்குப் பட்டது. "கடக்காரன இட்டாந்து சொல்லச் சொல்லேன்."

"கேட்டுட்டுத்தான் வரேன். நாங்க அடிக்கவே இல்லன்றான். பேனர்ல கட பேரு இல்ல. அனுமதி இல்லாததுல எவன் பேரு போடுவான்?"

"உங்கப்பா ஆய்வாளருகிட்ட ஒரு வார்த்த சொன்னா..."

"கேசு இருக்கறவன எடுக்க மாட்டாங்கமா. நாளிக்கு விடுதல ஆனாக்கூட அந்த வேல போனது போனதுதான். அவ்ளோதான்." அவன் அப்பாவைப் பார்த்தான். "ஏட்டு சிரிக்கிறாரு. எங்க ஸ்டேஷனுக்கு இத்தினி சுத்தமா ஒரு பேனரும் வந்தது இல்லடா தம்பி, ஒரு கீறல் இல்ல, உங்க நயினாதான் கொண்ணாந்து குடுத்தாருன்றாரு."

அம்சவள்ளி புடவையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சின்னதுர மாமா எறக்கியிருந்தா ரெண்டா போயிருக்கும்" என்றான் அவன்.

"ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன். பாத்திருந்தா குடுத்திருப்பீங்களா?" என்றாள் அவள். அவருக்கு ஒரு வழி விடத்தான் கேட்டாள்.

கண்ணாயிரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். சங்கராபுரம் ரோட்டு முக்கு ஞாபகம் வந்தது; கயிறு பனியில் நனைந்து முடிச்சு இறுகியிருந்தது ஞாபகம் வந்தது. சுருட்டும்போது அந்த முகங்கள் எல்லாம் அவர் கைக்குக் கீழேதான் போயிருக்க வேண்டும். இவன் எந்த வரிசையில் இருந்தானோ. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதைப்போல் உள்ளே எங்கெங்கோ கிள்ளிப் பார்த்தார். பையனுக்கு வேலை போய்விட்டது என்பது தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தட்டுப்படவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தினோமா என்று ஒரு நினைப்பு நடுவில் வந்துவிட்டுப் போனது.

"நான் ஒண்ணும் சண்டைக்கு வரலப்பா" என்றான் சரத்குமார். குரல் தணிந்திருந்தது. "எறக்கறப்ப என்னப் பாத்தியா, பாக்கலியா? அத மட்டும் சொல்லு."

பார்த்தேன் என்றால் அது பொய். பார்க்கவில்லை என்பதை, பெற்ற பிள்ளை எதிரில் நிற்கும்போது, எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சோறு போடட்டுமாடா?" என்றாள் அம்சவள்ளி.

அவன் அப்பா முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு வாசற்படியில் நின்ற அம்மாவை லேசாக விலக்கிவிட்டு வெளியே போனான்.