முருங்கைக்கீரைக்குக் கீழே ஒரு ரீஸ்லிங்

இரண்டு வாரங்களுக்கு முந்தைய ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்து, மீன்குழம்பு சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த பிறகு, எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பெரியவர்கள் உட்கார்ந்து ஒயின் குடித்தோம்.

சரி, சொல்லிவிட்டேன்.

இந்த வரியை மூன்று தடவை எழுதி மூன்று தடவை அடித்தேன். 'குடித்தோம்' என்பதை 'ருசி பார்த்தோம்' என்று மாற்றலாமா? அரசாங்கமே கடை போட்டுச் சரக்கு விற்கும் மாநிலம்தான். ஆனாலும் ஆறு வயதுப் பெண்ணுக்கு அம்மா, கையில் கண்ணாடி டம்ளர் என்றால்... உங்கள் புருவம் உயர்வது இங்கிருந்தே தெரிகிறது. நான் குடித்தது மொத்தம் நான்கு மடக்கு. எண்ணிக்கொண்டுதான் குடித்தேன்.

என் கணவரின் அக்கா எஸ்தர் அண்ணி ஜெர்மனியில் நர்ஸ். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். இங்கே பெண்கள் தையல் கிளாஸ் போவதைப் போல, அவர் லீவு நாளில் ஒயின் ருசி பார்க்கும் கிளாஸுக்குப் போகிறவர். எங்கள் ஜெனியின் ஞானஸ்நானத்துக்கு வந்தபோது, தங்கச் சங்கிலியோடு ஒரு பாட்டிலையும் என் கையில் கொடுத்தார்.

"ட்ரை ரீஸ்லிங், ஷீலா. ரீஸ்லிங்ங்கிறது ஒரு வெள்ளைத் திராட்சை. ட்ரைன்னா சர்க்கரை இல்லாதது. இப்பவே குடிக்கலாம். ஆனா அஞ்சாறு வருஷம் போச்சுன்னா வேற ஆளா மாறிடும்."

"கெட்டுப் போயிடாதா அண்ணி?"

"அதுல இருக்கிற புளிப்பு விடாது. இருட்டா, குளிர்ச்சியா, படுக்க வச்சு வை. ஆட்டக் கூடாது."

யோசித்துப் பாருங்கள். தரங்கம்பாடிப் பக்கத்தில் ஒரு கிராமம். சித்திரை வெயிலில் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும். இங்கே எது குளிர்ச்சி? எது இருட்டு?

ஃபிரிட்ஜின் காய்கறி டிராயர்தான். ஆறு வருஷம் அங்கேதான் படுத்திருந்தது. பாஸ்டர் ஐயா வீடு சந்திக்க வரும் நாட்களில் அதன் மேல் ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பரப்பி வைப்பேன். ஒரு தடவை ஐயா "கொஞ்சம் ஐஸ் தண்ணி கொடும்மா" என்று ஃபிரிட்ஜ் பக்கத்திலேயே வந்து நின்றார். அன்றைக்கு என் ஜெபம் உண்மையிலேயே உருக்கமாக இருந்தது.

புயல் அடித்துப் பல நாள் கரண்ட் இல்லாமல் போனபோது பாட்டிலை ஈரச் சாக்கில் சுற்றி, சமையலறை மூலையில் தண்ணீர்ப் பானை வைக்கும் மணலுக்குள் புதைத்தேன். பக்கத்திலேயே மண்ணெண்ணெய் கேன். அது சரியா? நாள் முழுக்க ஜெனிக்கு விசிறினேன்... நடுநடுவே சாக்கில் தண்ணீர் தெளித்தேன். இரண்டையும் ஒரே கவலையோடுதான் செய்தேன் என்று சொன்னால் என்னைத் தப்பாக நினைக்க மாட்டீர்களே?

இந்த மே மாதக் கடைசியில் அண்ணி லீவில் வந்தார். அதே தோட்டத்தின் புது பாட்டில் ஒன்றும் அவர் பெட்டியில் வந்தது. "பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்" என்றார்.

பாட்டிலைத் திறப்பதற்கு முன் இன்னொரு விஷயம் சொல்லிவிட வேண்டும்.

ஜெனியின் பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் போகிற வழியில் ஒரு மதகு இருக்கிறது. அதன் ஓரமாக, மண்ணுக்கு அடியில், எண்ணெய்க் குழாய் ஒன்று போகிறது. இந்தக் குழாய்க்கு யார் ஆட்சியில் கையெழுத்தானது என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். வாசலில் நிற்கும் இரண்டு கொடிக்கம்பங்களும் ஒன்றையொன்று கை காட்டும்.

இரண்டு மாதமாக அந்த மதகைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு மண்ணெண்ணெய் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும்.

அந்த ஞாயிறு வரை வாய்க்கால் காய்ந்துதான் கிடந்தது. ஆனால் மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று. கல்லணையும் தாண்டிவிட்டது என்று செய்தி. கடைமடையான எங்களுக்கு இன்னும் நாலைந்து நாளில் வந்துவிடும். வந்தால் அந்த மதகு வழியாகத்தான் மாமாவின் நாற்றங்காலுக்குப் பாயும். மாமா என்றால் என் மாமனார். அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்ட அதே வயல். போராட்டம், கோர்ட், சிட்டா, பட்டா என்று எல்லாம் பார்த்து அவர்கள் கைக்கு வந்த நிலம். உழுது, சேறு கட்டத் தண்ணீருக்காகக் காத்திருந்தார். தண்ணீர் வந்த அன்றே வாய்க்காலில் இறங்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காத்திருந்தார்கள். என் மகள்தான் அதில் முதல் ஆள்.

நான் ஏற்கெனவே ஒரு தடவை குழாய்க் கம்பெனிக்கு போன் செய்திருந்தேன். ஒருவர் பைக்கில் வந்தார். கையில் ஏதோ மீட்டர். அன்றைக்குப் பார்த்து நல்ல காற்று. "டிராக்டர் எதாவது போயிருக்கும் மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து வீட்டில் எனக்கு மரியாதை போய்விட்டது. பால் புளித்த வாசனை என்றால் சிரிப்பு. கேஸ் அடுப்பைச் சரிபார்க்கச் சொன்னால் சிரிப்பு.

என் கணவர் சாமுவேல் ஆசிரியர். அவருக்குச் சிரிப்போடு பயமும் உண்டு. "குழாயை எதிர்த்து உட்கார்ந்தவங்க இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகிட்டு இருக்காங்க, ஷீலா. நீ தப்பா ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்து வச்சா, நாளைக்கு நம்ம பேரும் அதுல ஏறும்."

தப்பாக. அந்த வார்த்தைதான் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை பெற்றதிலிருந்து எல்லாவற்றிலும் ஆபத்தை மோப்பம் பிடிக்கிறேனோ? இல்லாத வாசனைதானோ? அப்படி நினைத்துக்கொண்டே தினமும் அந்த இடத்தில் ஸ்கூட்டரை ஸ்லோ செய்வேன். தினமும் அடிக்கும்.

ஞாயிறுக்கு வருவோம்.

ஜெனியைப் பக்கத்து வீட்டில் விளையாட அனுப்பிவிட்டு, ஜன்னலையும் சாத்தினேன். எங்கள் வீட்டில் ஒயின் கிளாஸ் கிடையாது. யாரோ கிரகப்பிரவேசத்துக்குக் கொடுத்த பூப்போட்ட டம்ளர்தான். ஆளுக்கு இரண்டு வைத்தார் அண்ணி. புது ஒயின் இளநீருக்குக் கொஞ்சம் மஞ்சள் காட்டிய மாதிரி இருந்தது. பழசு நல்லெண்ணெய் நிறம்.

"முதல்ல மோந்து பாருங்க. என்ன ஞாபகம் வருதோ அதைச் சொல்லுங்க. இதுல தப்புன்னு ஒண்ணு கிடையாது."

புதிதில் எனக்கு நார்த்தங்காய்த் தோல் வந்தது. காம்புப் பக்கம் கடித்த பச்சை மாங்காய் வந்தது. வாயில் வைத்ததும் தாடையோரம் கூசியது. ஒரு பொட்டு இனிப்பு இல்லை.

மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "திருவிருந்துக்குக் குடுக்கிற திராட்சை ரசமாவது தித்திப்பா இருக்கும். இது என்னம்மா, புளிச்ச நீராகாரமாட்டம் இருக்கு. இதுக்கா பிளேன் ஏறி வந்துது?"

"அதான்ப்பா ரீஸ்லிங். இப்ப பழசைப் பாருங்க."

பழைய டம்ளரை மூக்கருகே கொண்டுபோனேன்.

மண்ணெண்ணெய்.

கொஞ்சம் தேன், கொஞ்சம் வாட்டிய ரொட்டி எல்லாம் பின்னால்தான் வந்தன. முதலில் வந்து நின்றது அதுதான். சந்தேகமே இல்லை... சந்தேகம் இல்லாமல் எப்படி? புயல் நாட்களில் கேன் பக்கத்தில் வைத்தேனே, உள்ளே இறங்கிவிட்டதா? ஆறு வருஷம் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்த பொருளை நாசம் செய்துவிட்டேனா? இல்லை, மதகு வாசனை என் மூக்கிலேயே தங்கிவிட்டதா?

மற்றவர்கள் முகத்தைப் பார்த்தேன். என் கணவர் "தேன் மாதிரி இருக்குக்கா" என்றார். மாமா "மழையில நனைஞ்ச வைக்கோல்" என்றார். அண்ணி தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ?"

"நல்லா இருக்கு அண்ணி."

"நல்லா இருக்குங்கிறது ஒரு வாசனையா?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிச்சாலும் பரவால்ல, சொல்லு."

"மண்ணெண்ணெய்."

என் கணவர் டம்ளரோடு சோபாவில் சாய்ந்தார். "ஆரம்பிச்சிட்டா. அக்கா, இவளுக்குத் தெருவுல போனாலும் மண்ணெண்ணெய், ஃபிரிட்ஜைத் திறந்தாலும் மண்ணெண்ணெய்."

அண்ணி சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார்.

"டேய் சாமு, வாயை மூடு. ரீஸ்லிங்குக்கு வயசானா வர்ற வாசனையே அதுதான். பெட்ரோல்னு சொல்லுவாங்க. கெட்டுப்போன வாசனை இல்ல, அதுக்காகத்தான் வருஷக்கணக்கா வைக்கிறதே. சூடு பட்டா இன்னும் சீக்கிரம் வரும். எனக்கு அது பிடிபட நாலு கிளாஸுக்குப் போக வேண்டியிருந்துச்சு. சிலருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாது. இவ எடுத்த உடனே சொல்றா."

நான் உடனே கேட்டேன்: "அப்ப நான் கெடுக்கலையே அண்ணி?"

"நல்லா வளர்த்திருக்க."

ஒரு பாட்டிலை வளர்த்ததற்குக் கிடைத்த பாராட்டில் ஒருத்திக்குக் கண் கலங்குமா? கலங்கியது. எண்ணிக்கையில் மூன்றாவது மடக்கு அப்போது போனது.

"சரி, தெருவுல மண்ணெண்ணெய்ன்னு என்னமோ சொன்னியே, அது என்னடா?" என்றார் அண்ணி.

என் கணவர் மதகுக் கதையைச் சொன்னார். காமெடியாகத்தான் தொடங்கினார். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கதை பாதியிலேயே சுருதி இறங்கிவிட்டது.

அண்ணி மூன்று டம்ளர்களைச் சமையலறைக்கு எடுத்துப் போனார். என் கண்ணைத் துண்டால் கட்டினார்கள். ஒன்றில் புதுசு. ஒன்றில் பழசு. ஒன்றில் வெறும் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் பழசு. இடம் மாற்றி மாற்றி மூன்று முறை மோந்து பார்க்கக் கொடுத்தார். மூன்று முறையும் சரியாகச் சொன்னேன். தண்ணீரையும் விடவில்லை.

துண்டை அவிழ்த்தபோது, மாமா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா, மதகுக்குப் போவோம்."

இப்போது பாருங்கள் என் புத்தியை. ஒருவழியாக ஆட்கள் நம்புகிறார்கள், நான் பின்வாங்குகிறேன். "மாமா, இப்ப என் மூக்குக்குள்ள ஒயின் வாசனையே இருக்கு. அங்க போய் அதையே மறுபடி மோந்துட்டு வந்தா? நாளைக்குப் போவோமா?"

"கையை மடக்கி உன் தோலை மோந்து பாரு" என்றார் அண்ணி. "கிளாஸ்ல நாங்க அப்படித்தான் மூக்கைத் துடைச்சுக்குவோம்."

போகிற வழியெல்லாம் என் முழங்கையை நானே மோந்துகொண்டு போனேன். எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

வெயில் தாழ்ந்திருந்தது. காற்று இல்லை. மதகுக்கு மேற்கே பத்தடி தள்ளி நின்றேன். அங்கேதான். "இங்க மாமா" என்றேன். வெட்டினார். முதலில் காய்ந்த மண், அப்புறம் ஈரக்களி. முழங்கால் ஆழத்தில் தண்ணீர் கசிந்து நின்றது. நால்வரும் குனிந்து பார்த்தோம்.

"எனக்கு ஒரு வாசனையும் தெரியலை" என்றார் மாமா. "ஆனா கண்ணு தெரியுதே."

தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம். நீலம், ஊதா, மஞ்சள். வெட்டிய மண்ணில் ஒரு கட்டியை எடுத்துக் கையால் பிசைந்தார். விரல்கள் பளபளத்தன. வயல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு நேராக மதகுக்குப் போய்ப் பலகையை இறக்கி, சந்து சந்தாகக் களிமண்ணை அப்பத் தொடங்கினார். என் கணவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு கூட இறங்கினார்.

கம்பெனிக்கு நான்தான் போன் செய்தேன். இந்தத் தடவை போட்டோவோடு.

மறுநாள் காலை அதே மனிதர் வந்தார். பைக்கில் இல்லை, ஜீப்பில், ஆட்களோடு. வால்வை மூடினார்கள். தோண்டினார்கள். ஒரு மூட்டில் ஊசிமுனை அளவுக்குக் கசிவு. மண்ணை அள்ளி லாரியில் ஏற்றிப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்க்கால் பக்கம் கயிறு கட்டினார்கள். வியாழக்கிழமை காவிரித் தண்ணீர் வந்தது. மாமா அதை வடக்கு வாய்க்கால் வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தார். நாற்று ஒரு வாரம் பின்தங்கும், அவ்வளவுதான். ஜெனிக்குத்தான் கோபம். ஊரே தண்ணீரில் இறங்க, தன் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கயிறு கட்டியது யார் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து அந்த மனிதர் ஜீப் பானெட்டில் ஒரு படிவத்தை வைத்து நிரப்பினார். என்னிடம் நீட்டினார்.

"தகவல் குடுத்தவங்க, நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க மேடம்."

வழக்கமாக நான் எதையும் முழுக்கப் படித்துவிட்டு, பிறகு சரியாகப் படித்தேனா என்று இன்னொரு தடவை படிக்கிறவள். படித்தேன். 'கசிவு கண்டறியப்பட்ட முறை' என்ற இடத்தில் 'வழக்கமான ஆய்வின்போது' என்று எழுதியிருந்தது.

இன்னொரு தடவை படிக்கவில்லை.

"இதை அடிச்சிட்டு மாத்தி எழுதுங்க சார்."

"வேற என்னன்னு எழுதறது மேடம்? ஃபார்மெட் இதுதான்."

"மூக்குன்னு எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல்.

அடித்துவிட்டு எழுதினார்: 'உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் முகர்ந்து கண்டறிந்தார்.' திருத்தம் செய்தால் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம்.

என் கணவர் பேனாவை வாங்கினார்.