சனிக்கிழமைப் படத்தில் இரண்டாவது குரல்

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். பயந்த சுபாவம் உள்ளவர்கள் நடுவில் உட்காருங்கள், ஓரம் வேண்டாம். பழைய படங்களில் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, அதற்குப் பதிலும் சொல்கிறேன், கூடவே ஒரு கதையும் தருகிறேன். கதை என்று வாய்தான் சொல்கிறது. நடந்தது அது. பொய் என்றால் இந்த நாக்கு நாளைக் காலையில் எழவேண்டாம்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? எனக்கு வந்தது சனிக்கிழமை மத்தியானம். மணி மூன்று நாற்பது.

முதலில் படம். ஒரு பழைய படம் தேறுமா தேறாதா என்று பார்க்க என்னிடம் ஒரே உரைகல்தான். கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் கேட்பேன். யார் உள்ளே வந்தார், யார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார், எந்தக் கதவு சாத்தியது என்று காதுக்குத் தெரிந்துவிட்டால் அது நல்ல படம். அந்தக் காலத்தில் வார்த்தையை முழுசாக மென்று பேசினார்கள். செருப்புச் சத்தத்துக்குக்கூட ஒரு குணம் இருந்தது. இப்போது வருவதில் பாதி, தகரக் கூரையில் கல் எறிகிற மாதிரி இருக்கிறது.

ஆறாம் வகுப்போடு என் படிப்பு சரி. இதைச் சொல்லிக்கொடுத்தது என் தங்கை. ஐம்பத்திரண்டு வயதிலும் எனக்கு அவள் பாப்பாதான். நாற்பத்தொன்பதில் சர்க்கரை அவள் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு எட்டு மாதம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். சோறு வைத்தால் சாப்பிடுவாள். வைக்காவிட்டால் கேட்கமாட்டாள். ஒருநாள் தொலைக்காட்சியில் ஏதோ பழைய படம் ஓடியது. நான் சும்மா இருக்காமல், “இப்ப அவ ஜன்னல்கிட்ட வர்றா பாப்பா, கையில கடிதம் இருக்கு” என்று சொல்லிவைத்தேன். எட்டு மாதம் கழித்து அவள் இந்தப் பக்கம் திரும்பினாள்.

“என்ன கடிதம்?”

அன்றிலிருந்து நான் அவளுக்குப் படம் சொல்கிறவள் ஆனேன். சேதி பரவி, பார்வையற்றோர் விடுதி வார்டன் அழைத்தார். சனிக்கிழமைதோறும், மதியம் இரண்டரை மணி, மூன்றாம் மாடிக் கூடம். பாப்பாவையும் சேர்த்துப் பதினான்கு பேர். நடுவில் நடைவழி விட்டு, இரண்டு பக்கமும் நாற்காலி. சுவரில் வெள்ளைத் துணி. ஜன்னலெல்லாம் கறுப்புத் திரை. “படம் எங்களுக்கு, திரை உங்களுக்கு, இருட்டு எல்லாருக்கும் பொது” என்பார் கடிகாரக்காரர். கடிகாரம் பழுது பார்த்தவர். கண்ணாடி இல்லாத ஒரு கைக்கடிகாரம் கட்டியிருப்பார். முள்ளைத் தொட்டுப் பார்த்து மணி சொல்லுவார், கேட்காதபோதும்.

அவர் பக்கத்தில் எக்ஸ்சேஞ்ச் அக்கா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புப் போட்டவர். ஒருவர் ‘ஹலோ’ சொன்னால் போதும், பல் கட்டியிருக்கிறாரா என்பதுவரை சொல்லிவிடுவார்.

சொல்வதற்கு ஒரு முறை உண்டு. படத்தில் ஆள் பேசும்போது நான் பேசக்கூடாது. பேச்சு நின்ற இடத்தில், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லவேண்டும். வரப்போவதைச் சொல்லக்கூடாது. இல்லாததைச் சொல்லவே கூடாது. அவர்களுக்கு அதுதான் கண். பாப்பாவுக்கு இன்னும் அதிகம். தெருவில், மாடியில், குளியலறையில், “நாலு எட்டு நேரே... ஒரு படி... இப்ப வலது பக்கம்” என்று நான் சொன்னால் கையை நீட்டிக்கூடத் தடவாமல் நடப்பாள். என் குரல்தான் அவள் கைத்தடி.

முதல் சனிக்கிழமை. ஒரே மேல்கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் அண்ணன் தம்பி படம். சிரிக்கச் சிரிக்க இருக்கும், கட்டாயம் பாருங்கள். தம்பி அலமாரிக்குள் ஒளிகிற இடத்தில் இரண்டு நிமிஷம் யாரும் பேசமாட்டார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் கூடம் சிரித்தது.

விளக்கைப் போட்டபிறகு கேட்டேன். “நான் சொல்றதுக்கு முன்னாடியே எப்படிச் சிரிச்சீங்க?”

“நல்லாக் கேட்டீங்க போங்க” என்றார் கடிகாரக்காரர். “தும்மலை அடக்க மூக்கைப் புடிச்சுக்கிட்டான்னு நீங்கதானே சொன்னீங்க? மூணு நாப்பதுக்கு.”

சொல்லிவிட்டு மறந்துபோனேன் போல, வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பாப்பா கேட்டாள். “அக்கா, வாசல் கேட்டுக்கு வெளிய தலை நனைஞ்சு நின்னுக்கிட்டே இருந்தாளே ஒரு பொம்பளை. அவ யாருன்னு கடைசிவரைக்கும் சொல்லவே இல்லையே?”

அந்தப் படத்தில் வாசல் கேட்டே கிடையாது.

இரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். தலை நனைந்தவள் யாரும் இல்லை.

இரண்டாம் சனிக்கிழமை. ஒரே ரயில் பெட்டிக்குள் ஒரே இரவில் நடக்கிற படம். ஆறே பேர். ஒருவருடைய இருமலை வைத்தே கதையை நகர்த்தியிருப்பார்கள். அதுவும் பார்க்கவேண்டிய படம். அன்றைக்கு என் நாற்காலியைவிட்டு நான் எழவே இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது.

முடிந்ததும் எக்ஸ்சேஞ்ச் அக்கா என் கையைப் பிடித்தார்.

“ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டியே? பின்னாடி வந்து காதுகிட்ட சொல்றே பாரு, அது வேண்டாம்மா. கூசுது.”

“நான் முன்னாடியேதான் உக்காந்திருந்தேன் அக்கா.”

அவர் என் கையை விட்டுவிட்டார்.

“அது கிடக்கட்டும்” என்றார் கடிகாரக்காரர். “அந்தம்மா ஏன் மேல வராம நின்னுட்டா?”

“எந்தம்மா?”

“தலை ஈரமா வந்தவதான். இரும்புப் படி, மூணு வளைவு. ரெண்டாவது வளைவுல நின்னுட்டான்னீங்களே.”

நான் மற்றவர்களைப் பார்த்தேன். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பதினான்கு பேரும்.

ரயில் படத்தில் ஏது மாடிப்படி?

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் பாப்பா தன் கையால் தலைவாரிக்கொண்டாள். “அடுத்த சனிக்கிழமை என்ன படம்?” என்று பாட்டு மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். அந்தச் சுவரை நினைத்தால் எனக்கு வேறெந்தப் பயமும் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் முடிவு செய்தேன். மூன்றாம் சனிக்கிழமை நான் வாயே திறக்கப்போவதில்லை.

கலங்கரை விளக்கக் காவல்காரன் படம். மனைவி படகில் வருவாள் என்று காத்திருக்கிற மனிதன். காற்று, அலை, அவன் பூட்ஸ் சத்தம். பேச்சு மிகக் குறைவு. நான் துணித்திரையின் ஓரத்தில், அவர்களைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். இரண்டரைக்குப் படம் ஆரம்பித்தது. பேச்சு வந்த இடங்களைப் படமே பார்த்துக்கொண்டது.

மூன்று நாற்பதுக்கு அவன் விளக்கை ஏற்றினான். படத்தில் பேச்சு நின்றது.

நான் உள்ளங்கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பதினான்கு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். நான் சொல்லும்போது சாய்வார்களே, அதே மாதிரி. கடிகாரக்காரர் “அடடா” என்றார். யாரோ நாக்கால் ‘ச்சு’ கொட்டினார்கள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அலைச் சத்தம் மட்டும்... அதன் அடியில் ஒன்றுமில்லை.

பிறகு, தலைகள் திரும்பின.

எல்லாத் தலையும். ஒரே நேரத்தில். திரையிலிருந்து விலகி, பின்சுவரின் வலது மூலைக்கு. அங்கே கறுப்புத் திரைச்சீலை தொங்கியது.

பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முன்பக்கம் வந்தன. ஏதோ ஒன்று நடந்து வருகிறது. அதை அந்தக் காதுகள் பின்தொடர்கின்றன.

நடைவழி ஓரத்தில் இருந்தவர்கள் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

வழி விட்டார்கள்.

தலைகள் பாப்பாவின் நாற்காலியில் வந்து நின்றன.

“சரிக்கா” என்றாள் பாப்பா.

எழுந்தாள்.

நாலு எட்டு நேரே. இடது பக்கம் திரும்பல். கையை நீட்டவில்லை. தடவவில்லை. யாரோ வழி சொல்லச் சொல்ல நடக்கிற நடை... அது நான் பழக்கிய நடை.

பின்மூலைத் திரைச்சீலை ஒதுங்கியது. கத்தி மாதிரி ஒரு கீற்று வெயில் உள்ளே விழுந்தது.

அப்போதுதான் உறைத்தது. அங்கே ஒரு கதவு உண்டு. கதவுக்கு வெளியே ஒரு காலத்தில் இரும்புப் படி இருந்தது. துருவேறி ஆடுகிறது என்று அறுத்து எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் மாடி.

“பாப்பா! நில்லு!”

நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

அவள் வாசலில் நின்றாள். முகம் குழம்பியது.

“ரெண்டு பக்கமும் நின்னு பேசாதேக்கா. எந்தப் பக்கம் வர்றது?”

“இங்க! நான் இங்க இருக்கேன்!”

“அங்கயும் அதையேதான் சொல்றே...”

வலது காலை எடுத்து வெளியே வைத்தாள்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா எழுந்து நின்று கத்தினார். முப்பது வருஷம் கம்பியில் பேசிய குரல்.

“பாப்பா! மூச்சு விடுற குரல் எதுன்னு கேளு! இன்னொண்ணுக்கு மூச்சே இல்லடி!”

நான் பேசுவதை நிறுத்தினேன்.

மூச்சு மட்டும் விட்டேன். ஓடி வந்த மூச்சு. கிழட்டு மூச்சு.

ஹா... ஹா... ஹா...

பாப்பா திரும்பினாள்.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

கீழே பார்த்தேன். முப்பதடிக்குக் கீழே சிமெண்ட் முற்றம். நடுவில் ஒன்றுமில்லை. காற்று.

ஆனால் அவள் வலது கால் தொங்கவில்லை.

பாதம் பதிந்து நின்றது. தட்டையாக. உடம்பின் பாரம் முழுக்க அந்தக் காலில்தான் இருந்தது.

அதை எடுத்து உள்ளே வைத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சத்தமே இல்லை.

பின்னால் கடிகாரக்காரர் முள்ளைத் தொட்டார். “மூணு நாப்பத்தி நாலு” என்றார். அவர் குரல் அழுதுகொண்டிருந்தது.

வார்டன் ஓடிவந்தார். “தாழ்ப்பாளை எதுக்கும்மா திறந்தீங்க?” என்று பாப்பாவைத் திட்டினார். “நான் எதையும் தொடவே இல்லைங்க. திறந்துதான் இருந்தது” என்றாள் அவள். யாரும் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் கால் கழுவினேன். வலது உள்ளங்காலில் பட்டை பட்டையாகத் துரு. பட்டைகளுக்கு நடுவில் ஈரம். “படி சில்லுன்னு இருந்ததுக்கா” என்றாள்.

அந்தக் கட்டடத்தில் யார் செத்தார்கள் என்று விசாரித்தேன். பழைய ஆட்கள், பக்கத்துக் கடைக்காரர்கள், எல்லாரிடமும். யாரும் சாகவில்லை. யாரும் விழவில்லை. கெட்டது ஒன்றுமே நடக்காத இடம். ஒரு சாவு இருந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்தக் கதவை ஆணியடித்து மூட தச்சர் வந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

“அம்மா, இந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது. பாருங்க, வச்ச அடையாளம்கூட இல்ல. முற்றத்துல ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான் இருக்கு. போட்டிருக்கு. துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு. சுத்தியலால அடிச்சும் அசையலைம்மா. பத்து வருஷத்துக்கு மேலயாச்சும் யாரும் அதைத் திறந்திருக்கமாட்டாங்க.”

பாப்பாவிடம் இதை நான் சொல்லவே இல்லை.

சனிக்கிழமைப் படம் அத்தோடு நின்றது. பாப்பா சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் என் குரலை அவள் அதற்குப்பிறகு நம்பவில்லை. நான் என்ன சொன்னாலும் முதலில் கையை நீட்டுவாள். என் மூக்குக்குக் கீழே உள்ளங்கையை வைப்பாள். மூச்சு பட்டபிறகுதான் நடப்பாள், சாப்பிடுவாள், பதில் சொல்லுவாள். ஒன்பது வருஷம் அப்படி வாழ்ந்தோம்.

கடைசி நாள், விடிந்து ஆறு பத்துக்கு, கையைத் தூக்கி என் மூக்கருகே வைத்தாள்.

“இப்ப ‘வா பாப்பா’ன்னு கூப்பிட்டது நீதானேக்கா?”

“ஆமாடி, நான்தான்” என்றேன்.

அவள் சிரித்தாள். கை கீழே விழுந்தது.

கண்ணுகளா, நான் கூப்பிடவில்லை.

மூன்று படமும் நல்ல படங்கள்தான். படத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். இப்போது எழுந்து பத்திரமாக வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டு விளக்கு அணையாதிருக்கட்டும், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும். உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கிற ஒவ்வொரு குரலுக்குப் பின்னாலும் மூச்சு இருக்கட்டும்.