லயத்துக் கரண்டில் ஒரு பிளாஸ்மா கட்டர்

தோட்டத்து லயத்தில், அதாவது கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற அக்காவின் மகன் இரண்டாம் வகுப்பு. யட்டியாந்தோட்டைக்குப் போகிற வழியில் அவனுடைய ஒற்றைச் சப்பாத்து எங்கள் வேனின் தரை வழியாக ரோட்டில் விழுந்துவிட்டது. சப்பாத்து மட்டும் விழுந்ததால் பிழைத்தோம். கால் இறங்கியிருந்தால்? பின்சீட்டுக்கு அடியில் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், பழைய பலகையைக் கறையான் தின்ற மாதிரி துரு தின்றிருந்தது. ஓட்டை வழியாகத் தார் ரோடு தெரிந்தது.

அந்த வேன்தான் எங்களுக்குச் சோறு. லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது என் வீட்டுக்காரரின் தொழில். நான் ரப்பர் மலையில் பால் வெட்டுகிறேன். மழை பெய்தால் எனக்கு வேலை இல்லை. இந்தப் பக்கத்தில் மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேனுக்குத் தகுதிச் சோதனை வேறு இருந்தது. தரையை அடைக்காமல் கொண்டுபோனால் பிள்ளைகளை ஏற்ற விடமாட்டார்கள். டவுனில் கராஜ்காரன் வேனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் ஆகும் என்றான். மூன்று மாசம் வேன் கராஜில் நின்றால் பிள்ளைகள் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள், நாங்கள் என்ன, காற்றைக் குடித்தா வாழ்வது?

நானே வெட்டி நானே ஒட்டுறேன் என்றார் இவர். தோட்டத்து ஃபெக்டரியில் கொஞ்ச காலம் வெல்டிங் வேலை செய்தவர், சொந்தமாக ஒரு பழைய வெல்டிங் பிளான்ட்டும் இருக்கிறது. ஆனால் துருப்பிடித்த தகட்டை முதலில் வெட்டி எடுக்க வேண்டுமே. கிரைண்டரில் வெட்டிப் பார்த்தார், மூலைக்குள் நுழையவில்லை. தெறித்த பொறியில் சீட்டுப் பஞ்சு புகைந்து, நான் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். அன்றிலிருந்து பிடித்தது பிளாஸ்மா கட்டர் பைத்தியம். காற்றையும் கரண்டையும் சேர்த்து இரும்பை வெட்டுகிற மெஷினாம் அது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் போனில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படிப் பார்க்கவில்லை, அதைச் சொல்லியும் காட்டினேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பஜாருக்கு நடந்தோம். இவருக்குப் பெரிய மெஷின் மேல் கண். கனத்த இரும்பையும் வெட்டும், ஆனால் அது இழுக்கும் கரண்டுக்கு எங்கள் லயம் தாங்காது. போனில் யாரோ விற்ற மலிவு மெஷின் ஒன்றும் இருந்தது. கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது என்று நான் வேண்டாம் என்றேன். ஹார்ட்வெயார் கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம், அவர் நடுத்தரமாக ஒன்றை எடுத்து வைத்தார். காற்றடிக்கும் கம்ப்ரசர் உள்ளேயே இருந்தது, தனியாக வாங்கத் தேவையில்லை. மெல்லிய தகடுதான் வெட்டும், வேன் தரைக்கு அது போதும். எங்கள் லயத்துக் கரண்டில் ஓடுமா என்று நான்தான் கேட்டேன். சத்தியம் பண்ண மாட்டேன், ஓடாவிட்டால் பெட்டியோடு கொண்டு வாருங்கள் என்றார் நானா. கடை வாசலில் ஒரு தகட்டை வைத்து வெட்டியும் காட்டினார். கத்தி பட்ட பட்டர் மாதிரி போனது. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. எங்களுக்கும் ஒரு நல்லது நடக்கப் போகிறது என்று அன்றைக்கு முழுசாக நம்பினேன், பாவி.

எங்கள் லயத்தில் கரண்ட் ஒரு நோயாளி. ஒருத்தி தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்தல் போட்டால் இன்னொருத்தி வீட்டு பல்பு மங்கும். அதனால் அக்கா காம்பரா காம்பராவாகப் போய்ச் சொன்னாள். இவர் வெட்டுகிற நேரம் டிவி, கேத்தல், ஸ்திரிக்கைப் பெட்டி எதுவும் போடக்கூடாது. ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை, எல்லார் பிள்ளைகளும் போகிற வேன்தானே. லயமே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேனுக்குள் குனிந்தார்.

ஓட்டையின் விளிம்பில் ஒரு சாண் அழகாக வெட்டியது. அப்புறம் நெருப்பு அணைந்தது. மறுபடி வைத்தார், அணைந்தது. பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் அடித்தது. கரண்டுக்காக வேன் தகட்டில் மாட்டுகிற எர்த் கிளாம்பை இடம் மாற்றி மாற்றிக் கவ்வ வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. கரண்ட்தான் காணாது என்று இவர் சொல்ல, அக்கா மறுபடி ஓடினாள். யாரோ ஃப்ரிட்ஜையும் நிறுத்தினார்கள். அப்போதும் இல்லை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. மறுநாள் இவரையும் கூட்டிக்கொண்டு, பெட்டியைத் த்ரீவீல் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குப் போய், ஆட்கள் நிற்கிறார்களே என்றும் பார்க்காமல் நானாவைக் கேட்கக்கூடாததெல்லாம் கேட்டேன். அவர் மெஷினைச் சொருகி, அதே மாதிரி ஒரு தகட்டை வைத்தார். அதே பட்டர். இந்தப் பக்கம் வெட்டினார், அந்தப் பக்கம் வெட்டினார். நான் சேலைத் தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

"மெஷின்ல ஒரு கொறையும் இல்ல தங்கச்சி. இது இரும்பத்தான் வெட்டும். ஒங்கட வேன்ல இருக்கிறது இரும்புதானா?"

பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்றைக் கையில் கொடுத்து, வேனில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்.

இவர் மெஷினை இறுக்கி மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். காந்தத்தை நான் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் தரையில் வைத்தேன், முதலில் வெட்டுப்பட்ட ஒரு சாணைத் தவிர எங்கும் ஒட்டவில்லை. கதவுக்கு அடியில் வைத்தேன், வழுக்கிக் கீழே விழுந்தது. சீட்டைப் பூட்டியிருக்கிற இடத்திலும் விழுந்தது. இவர் வேனுக்கு அடியில் படுத்து, நீளத்துக்கு ஓடுகிற இரண்டு சட்டத்திலும் வைத்துப் பார்த்தார். அங்கேயும் இல்லை. தார் பூச்சைச் சுரண்டினால் உள்ளே பட்டி, அதுதான் டிங்கரிங்காரர்கள் பள்ளம் நிரப்பப் பூசும் பசை. பட்டிக்குள்ளே துணி மாதிரி ஃபைபர். பால் வெட்டுகிறபோது பட்டைக்குப் பின்னால் மரம் இருக்கிறது என்று என் கைக்குத் தெரியும். இதில் பட்டை மட்டும்தான் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கூரையில் ஒட்டியது அந்தக் காந்தம். பிள்ளைகளைக் கூரையில் உட்கார வைத்தா கொண்டுபோவது?

அந்த வேனை ருவான்வெல்லையில் எடுத்தது அரைமணி நேரத்தில். வெளிநாட்டு வாகனம் வராமல் அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம், ஓடுகிறது எதுவானாலும் யோகம் என்றிருந்தோம். பெயின்ட் பளபளவென்று இருந்தது. நம்பரைக் கூட்டிப் பார்த்தோம், ராசியாக வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். அடியில் குனிந்து பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வெட்டுகிற மெஷினுக்கு மூன்று ஞாயிறு யோசித்த நாங்கள், வெட்டப்போகிற வேனை நம்பர் கூட்டி எடுத்திருக்கிறோம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியாயிற்று. விற்றவன் போனை எடுக்கவேயில்லை.

வெட்டி ஒட்ட நல்ல இரும்பு இருந்தால்தானே ஒட்டுவது. பள்ளிக்கூடம் திறந்தது. பிள்ளைகள் பஸ் பிடிக்க மலைக்குக் கீழே ரோடு வரைக்கும் நடக்கிறார்கள். அக்காவின் மகன் மழை நாளில் போவதில்லை, அதாவது முக்கால்வாசி நாள் போவதில்லை. தேயிலைக் கொழுந்து லொறியில் தொங்கிக்கொண்டாவது தெரணியகலைப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறேன் என்கிறார் இவர்.

வேனை வந்த விலைக்குத் தள்ளிவிடக் கூப்பிட்டதில் பழைய இரும்புக்காரன் வந்து பார்த்தான். இந்த ஏற்றத்தில் லொறி வராது, துண்டு துண்டாக வெட்டிக் கீழே ஃபெக்டரி வளைவுக்குக் கொண்டுவந்தால் எடுக்கிறேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

வேனைத் துண்டு போட்ட அன்றைக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லி யாரிடமும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷினைச் சொருகினார். பக்கத்துக் காம்பராவில் பாடிக்கொண்டிருந்த டிவி நின்றது. பிறகு அதற்கடுத்தது. இழவு வீட்டுக்கு நிறுத்துகிற மாதிரி, ஒவ்வொன்றாகக் கடைசித் தொங்கல் காம்பரா வரைக்கும் நின்றது. அக்கா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

முதலில் கூரை. ஒரு இடத்திலும் அணையவில்லை, ஒரே இழுப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பிளந்தது. இவர் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கி, வெட்டின ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல மெஷினாத்தான் பாத்து எடுத்திருக்கோம்," என்றார்.

"ஆமாங்க," என்றேன்.